பச்சிளங்குழந்தையின் குருதி உறைவும் வைட்டமின் கே ஊசியும்

பிறந்த குழந்தைக்கு வரும் ரத்தக்கசிவு நோய்களுள் வைட்டமின் கே பற்றாக்குறையால் வருவது ஒன்றுதான் ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கத்தக்கது. தடுப்பதற்கு வேண்டியதும் தொடையில் போடும் ஒரே ஓர் ஊசிதான். ஆயினும் இந்நோய் உலகில் எங்கும் அடியோடு மறைந்துவிடவில்லை. சென்னையின் தென்புறநகரில், ஜி.எஸ்.டி. சாலையும் தாம்பரம்–செங்கல்பட்டு இருப்புப்பாதையும் ஒட்டிச் செல்லும் பொத்தேரி வட்டாரத்தை எடுத்துக்கொண்டால், எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. தெற்கே 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் வடக்கே குரோம்பேட்டை அரசு மருத்துவமனையும் உள்ளன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்டவை மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன என்று காட்டுகிறது. ஆகவே இங்கு ஊசி கிடைக்குமா என்பது பெரிய கேள்வியாக இல்லை. போட்ட ஊசி எழுத்தில் பதிந்ததா, அந்த எழுத்து குழந்தையோடு கூடவே பயணம் செய்கிறதா, ஊசி விட்டுப்போயிருந்தால் அதை அடுத்துப் பார்ப்பவர் கண்டுகொள்ள வழி இருக்கிறதா என்பவையே இவ்வுரை முதன்மையாக எடுத்துக்கொள்ளும் கேள்விகள்.

ரத்தம் உறைவதென்பது ஒரே நொடியில் நடந்துவிடும் செயலன்று. ரத்தக்குழாயில் கீறல் விழுந்ததும் முதலில் தட்டணுக்கள் எனப்படும் நுண்ணிய அணுத்துணுக்குகள் அங்கே ஒட்டித் தற்காலிகமாக அடைக்கின்றன. அதன் மேல், ஒன்றை ஒன்று தூண்டிக்கொண்டு போகும் பல புரதங்கள் சேர்ந்து ஃபைப்ரின் என்னும் நார்வலையைப் பின்னி அந்த அடைப்பை உறுதிப்படுத்துகின்றன. இப்புரதங்களுக்கு உறைவுக் காரணிகள் என்று பெயர். அவற்றுள் 2, 7, 9, 10 ஆகிய எண்களால் குறிக்கப்படும் நான்கையும் கல்லீரல் வைட்டமின் கே இருந்தால்தான் வேலைக்குத் தகுந்த வடிவில் செய்து முடிக்கிறது. வைட்டமின் இல்லாதபோதும் கல்லீரல் அவற்றை உண்டாக்கத்தான் செய்கிறது. ஆனால் அவை கைப்பிடி பொருத்தாத அரிவாளைப் போல ரத்தத்தில் பயனற்றுச் சுற்றிவருகின்றன. அந்தக் கைப்பிடி எது என்பது 1974இல்தான் தெளிவாயிற்று. புரதச் சங்கிலியில் உள்ள குளூட்டமிக் அமிலக் கண்ணிகளோடு கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதியை வைட்டமின் கே சேர்த்துவைக்கிறது என்றும், அப்படிச் சேர்ந்த கண்ணிதான் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு காரணியைக் காயம்பட்ட இடத்தில் நிலைநிறுத்துகிறது என்றும் ஸ்வீடனின் யோஹான் ஸ்டென்ஃப்ளோவும் அவரைச் சார்ந்தோரும் அவ்வாண்டில் காட்டினர். கார்பாக்சில் ஏறாத அந்த அரைகுறைப் புரதத்தை இன்று ரத்தத்தில் அளந்தும் பார்க்கலாம். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே பற்றாக்குறையை அது காட்டிக்கொடுக்கும்.

எல்லாப் பச்சிளங்குழந்தைகளும் ஏன் இந்தக் குறையோடு பிறக்கின்றன என்பதற்கு மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. தாயின் ரத்தத்தில் வைட்டமின் கே போதிய அளவு இருந்தாலும் நஞ்சுக்கொடி வழியே அது மிக அரிதாகவே சேயைச் சென்றடைகிறது. தாயின் ரத்தத்தில் உள்ள அளவு தொப்புள்கொடி ரத்தத்தில் உள்ளதைப்போல 20 முதல் 40 மடங்கு வரை இருக்கும். பிறந்தபின் கிடைக்கும் தாய்ப்பாலிலோ லிட்டருக்கு ஏறக்குறைய 1 முதல் 4 மைக்ரோகிராம் அளவுக்கே இச்சத்து உள்ளது. மாவுப்பாலில் தயாரிப்பாளர்கள் சேர்த்துவிடுவதால் அதைவிடப் பன்மடங்கு இருக்கும். பெரியவர்களின் குடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் வைட்டமின் கேயின் ஒரு வகையை உண்டாக்குகின்றன, ஆனால் பிறந்த குழந்தையின் குடலில் அவை இன்னும் குடியேறியிருப்பதில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் குடலில் முதலில் பெருகும் நல்ல நுண்ணுயிர்களுக்கோ அந்தத் திறன் இல்லை. இதைக் கேட்கும் தாய் தன் பாலில் குறை இருக்கிறதோ என்று மனம் நோகக் கூடாது. சீம்பாலும் தாய்ப்பாலும் குழந்தைக்குத் தரும் நோயெதிர்ப்பும் ஊட்டமும் வேறெதிலும் கிடைக்காதவை. அவற்றோடு இந்த ஒரு சத்தை மட்டும் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

இந்நோயை முதலில் தனித்த நோயாக வரையறுத்தவர் பாஸ்டன் மருத்துவர் சார்ல்ஸ் டவுன்சென்ட். பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் காரணமின்றி ரத்தம் கசிந்த 50 குழந்தைகளை 1894இல் அவர் விவரித்து, பரம்பரையாக வந்து வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஹீமோஃபீலியாவிலிருந்து இது வேறானது, சில நாள் தாண்டிவிட்டால் தானே நின்றுவிடக்கூடியது என்று பிரித்துக் காட்டினார். காரணம் தெரியாத அந்தக் காலத்தில் மருத்துவர்களின் கையில் இருந்தது மிகக் கொஞ்சம். பிறந்து சில நாளே ஆன தன் மகள் குடலில் ரத்தம் கசிந்து வெளிறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்த நியூயார்க் அறுவை மருத்துவர் ஏட்ரியன் லாம்பர்ட், 1908இல் ஓர் இரவு அலெக்ஸிஸ் காரலை வரவழைத்தார். தந்தையின் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் காலில் ஒரு சிரையோடு காரல் நேராகத் தைத்து இணைக்க, தந்தையின் ரத்தம் குழந்தைக்குள் பாய்ந்தது. அந்தக் குழந்தை பிழைத்தது. ரத்த வகை பார்க்கும் வழக்கம் பரவாத அந்நாளில் அது எத்தனை துணிச்சலான செயல் என்பதை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, இன்று ஒரு துளி மருந்து செய்துவிடும் வேலையின் அருமை தெரியும்.

அந்தத் துளி மருந்துக்கு வழி கோழிக்கூண்டிலிருந்து பிறந்தது. கோழிகள் கொழுப்பில்லாத தீனியிலிருந்து கொலஸ்ட்ராலைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றனவா என்று கோபன்ஹேகனில் 1929 வாக்கில் ஹென்ரிக் டாம் ஆராய்ந்தபோது, அத்தீனி தின்ற குஞ்சுகளுக்குத் தோலடியிலும் தசையிலும் ரத்தம் கட்டியது. கொலஸ்ட்ராலைச் சேர்த்துக் கொடுத்தும் அது நிற்கவில்லை. பச்சை இலைகளிலும் பன்றியின் கல்லீரலிலும் உள்ள, கொழுப்பில் கரையும் ஒரு புதிய சத்துதான் அந்தக் கசிவைத் தடுக்கிறது என்று கண்ட அவர், உறைவு என்பதற்குத் தம் மொழியில் வழங்கும் சொல்லின் முதல் எழுத்தைக் கொண்டு 1935இல் அதற்கு கே என்று பெயரிட்டார். அமெரிக்காவில் எட்வர்டு டாய்சி அதன் வேதியியல் அமைப்பை 1939இல் வகுத்தார். 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. இலைகளிலிருந்து கிடைப்பது கே1 என்றும், நுண்ணுயிர்கள் உண்டாக்குவது கே2 என்றும், ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட செயற்கை வடிவம் கே3 என்றும் பெயர் பெற்றன. நீரில் கரையும் கே3 வடிவத்தை 1950களில் சில நாடுகளில் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்ததால் குழந்தைகளின் சிவப்பணுக்கள் சிதைந்து, காமாலை முற்றி மூளையையும் தாக்கிய துயரம் நேர்ந்தது. வைட்டமின் கே ஊசி காமாலை வரவழைக்கும் என்று இன்றும் சிலர் அஞ்சுவதற்கு அந்தப் பழைய மருந்தும் அந்தப் பழைய அளவும்தான் வேர். இன்று பரிந்துரைக்கப்படும் கே1 அந்தத் தீங்கைச் செய்வதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் வைட்டமின் கே கொடுக்க வேண்டும் என்று 1961இல் பரிந்துரைத்தது.

நோய் தோன்றும் நாளைக் கொண்டு மருத்துவ நூல்கள் இதை மூன்றாகப் பிரிக்கின்றன. பிறந்த 24 மணி நேரத்துக்குள் வருவது முந்திய வகை. தாய் கருவுற்றிருந்த காலத்தில் உட்கொண்ட சில மருந்துகள் சேயின் வைட்டமின் கேயை முடக்கிவிடுவதால் இது வருகிறது. ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமசெபின் போன்ற வலிப்பு மாத்திரைகள், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் ஐசோநியாசிடும், செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்கு ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தென் சென்னைப் புறநகருக்கு இந்தப் பட்டியல் அயலானதன்று. டேவிட் சவுரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் விடுதியே தாம்பரம் சானடோரியம் என்ற ஊர்ப்பெயருக்கும் ரயில் நிலையப் பெயருக்கும் காரணம். நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக அது இன்றும் இயங்குகிறது. காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டு குணமடையலாம் என்பதை 1950களின் இறுதியில் உலகுக்கு மெய்ப்பித்ததும் சென்னையின் காசநோய் ஆய்வு மையம்தான். நோயுற்ற பெண் சானடோரியத்தில் அடைபட்டுக் கிடக்காமல், மாத்திரையை வீட்டில் விழுங்கிக்கொண்டே குடும்பம் நடத்திப் பிள்ளையும் பெற முடிகிறது என்பது அந்தச் சாதனையின் பயன். அதே காரணத்தால், பிரசவ அறைக்கு வரும் பெண்ணிடம் என்னென்ன மாத்திரை உட்கொள்கிறார் என்று கேட்கும் பொறுப்பு அங்குள்ள செவிலியருக்குக் கூடுகிறது. வலிப்பு நோயை மறைத்து மணமுடித்த குடும்பங்களில் மாமியாரின் எதிரில் அந்தக் கேள்விக்கு உண்மையான விடை கிடைக்காது. தனியே அழைத்துக் கேட்பதே முறை. இவ்வகைக் கசிவு சிலவேளை பிரசவத்தின்போதே தொடங்கிவிடுவதால் பிறந்தபின் போடும் ஊசி மட்டும் போதாமல் போகலாம். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய்க்கே வைட்டமின் கே கொடுக்கும் வழக்கமும் இதனால்தான் ஏற்பட்டது. வலிப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் இதைவிடப் பெரிய ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை வருவது டவுன்சென்ட் கண்ட வகை. ஊசி போடாத இடங்களில் இது நூற்றுக்குக் கால் முதல் ஒன்றே முக்கால் வரை காணப்படும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்; அதாவது மாதம் நானூறு பிரசவம் பார்க்கும் மருத்துவமனையில் மாதத்துக்கு ஒன்று முதல் ஆறேழு வரை. தொப்புள்கொடியில் கவ்வி போட்ட இடத்தில் ஈரம் காயாமல் துணியில் சிவப்பு ஊறிக்கொண்டே இருக்கும். காமாலை அளவு பார்க்கக் குதிகாலில் குத்திய சிறு துளையில் பஞ்சை எடுத்த ஒவ்வொரு முறையும் ரத்தம் புதிதாக முத்திடும். மலம் தாரைப்போலக் கறுத்து, ஓரங்களில் செந்நிறம் படரும். முதல் இரண்டு நாளில் எல்லாக் குழந்தைகளும் கழிக்கும் காட்டுப்பீயும் கறுப்பாகவே இருப்பதால் இக்கடைசி அடையாளம் எளிதில் ஏமாற்றிவிடும். மலம் பச்சையும் மஞ்சளுமாக மாறத் தொடங்கியபின் மீண்டும் கறுத்தால் அதைக் கவனிக்காமல் விடக் கூடாது. குழந்தை வாந்தி எடுத்த ரத்தம் அதனுடையதுதானா, பிரசவத்தின்போதோ வெடித்த முலைக்காம்பிலிருந்தோ விழுங்கிய தாயின் ரத்தமா என்பதைப் பிரித்தறியும் எளிய காரச் சோதனை ஒன்றை லியனார்ட் ஆப்ட் 1955இல் வெளியிட்டார். குழந்தையின் ரத்தச் சிவப்பில் உள்ள கருக்கால ஹீமோகுளோபின் காரத்தைத் தாங்கி இளஞ்சிவப்பாகவே நிற்கும், தாயினுடையது மஞ்சள் கலந்த பழுப்பாக மாறிவிடும் என்பதே அதன் அடிப்படை. ஆய்வுக்கூடம் இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலும் செய்யக்கூடிய இச்சோதனை பல பெற்றோரின் வீண் கலக்கத்தைத் தீர்த்திருக்கிறது.

பிந்திய வகை எனப்படும் மூன்றாம் வகையே மிகக் கொடியது. இரண்டாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை, அரிதாக ஆறாம் மாதம் வரைகூட, நன்றாகப் பால் குடித்து எடை ஏறிவந்த குழந்தைக்கு ஒரு நாள் திடீரென வரும் இக்கசிவு பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூளைக்குள்ளேயே நிகழ்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கின்றனர், பிழைத்தவர்களில் பலருக்கு வலிப்போ கை கால் முடக்கமோ வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. தடுப்பு இல்லாத நிலையில் ஐரோப்பாவில் லட்சம் குழந்தைகளுக்கு 4 முதல் 7 வரை என்று பதிவான இந்நோய், ஜப்பான், தாய்லாந்து முதலிய ஆசிய நாடுகளில் அதைவிடப் பல மடங்கு அதிகமாகப் பதிவாகியிருந்தது. தமிழ்நாட்டின் குடும்ப வழக்கத்தோடு இந்தக் கால எல்லையைப் பொருத்திப் பார்த்தால் ஒரு கவலை எழுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் பிள்ளையோடு கணவன் வீடு திரும்புகிறாள். மருத்துவமனையில் பெற்றெடுத்து வீட்டுக்கு வந்தபின், பேர் வைத்துத் தொட்டிலில் இடும் நாளும் தீட்டுக் கழிக்கும் நாளும் முப்பதாம் நாளும் எல்லாம் இந்த ஆபத்தான வாரங்களுக்குள்ளேயே வருகின்றன. கூடுவாஞ்சேரியில் வாடகை வீட்டில் வாழும் தம்பதியின் குழந்தை பொத்தேரியில் பிறந்து, மதுராந்தகத்துக்கோ விழுப்புரத்துக்கோ அப்பாலுள்ள தாய்வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கும்போது கசிவு வந்தால், பிறந்தபோது என்ன போட்டார்கள் என்று சொல்ல அங்கே காகிதம் ஒன்றுதான் சாட்சி.

மூளையில் கசியும் ரத்தம் வெளியே தெரியாததால் அதன் அறிகுறிகள் வேறு நோய்களின் உருவில் வருகின்றன. குழந்தை பால் மறுக்கும், விடாமல் வீறிட்டு அழும், வாந்தி எடுக்கும், பிறகு அழுகை ஓய்ந்து சோர்ந்து தூங்கும், நிறம் வெளிறும். பாட்டிமார் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது விரல்நுனியால் தொட்டுப் பழகிய உச்சிக்குழி, குழந்தை அழாமல் நிமிர்ந்திருக்கும் வேளையிலும் மேலே புடைத்து விம்மினால், அது மூளைக்குள் அழுத்தம் ஏறியிருப்பதன் தெளிவான அடையாளம். பேதியில் நீர் வற்றிய குழந்தைக்கு அது உள்ளே ஒடுங்கும், இங்கோ நேர்மாறாக எழும்பும். சில குடும்பங்களில் பால் கக்கும் குழந்தைக்குத் தொக்கம் எடுக்கவும், குடல் ஏறிவிட்டது என்று தட்டிவிடவும் அழைத்துச் செல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. காலாகாலமாக அன்போடு செய்யப்பட்டு வருவது அது என்றாலும், உச்சிக்குழி புடைத்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவதில் இழக்கப்படும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையிலிருந்து பறிபோகும் மணி நேரமாகும். அந்த வேளையில் அழைக்க வேண்டியது 108 ஊர்தியைத்தான்.

பெருங்கசிவுக்கு முன்பே சிறு கசிவுகள் எச்சரிக்கை தருவதுண்டு. மூக்கில் ஒரு துளி, தொப்புளில் மீண்டும் ஈரம், தூக்கிய இடத்தில் காரணமில்லாத நீலத் திட்டு, தடுப்பூசி போட்ட தொடையில் நெடுநேரம் நிற்காத ரத்தம் என்று அவை அற்பமாகவே தோன்றும். பச்சைப்பிள்ளைக்குக் கன்றிய திட்டு இருந்தால் அதற்கு விளக்கம் தேடியே ஆக வேண்டும், ஏனெனில் இன்னும் புரளக்கூடத் தெரியாத குழந்தை தானே எங்கும் மோதிக்கொள்ளாது. பிந்திய வகைக் கசிவுக்கு ஆளாகும் குழந்தைகளில் ஒரு கணிசமான பகுதியினருக்குப் பித்தநாளம் அடைபட்டிருப்பது பின்னால் தெரியவருகிறது. வைட்டமின் கே கொழுப்பில் கரைவது. அதைக் குடல் உறிஞ்சப் பித்தநீர் வேண்டும். பித்தநீர் குடலை எட்டாத குழந்தைக்குக் காமாலை இரண்டு வாரத்துக்கு மேலும் தணியாமல் நீடிக்க, மலம் மஞ்சள் நிறம் இழந்து களிமண்போல வெளிறும், மூத்திரம் துணியில் கறை பிடிக்கும். அந்த அடைப்பை நீக்கும் அறுவைச் சிகிச்சை இரண்டு மாதத்துக்குள் செய்யப்பட்டால்தான் கல்லீரலைக் காக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும் என்பதால், மலத்தின் நிறத்தைப் பார்ப்பது ரத்தக்கசிவையும் கல்லீரலையும் ஒருசேரக் காக்கும் வேலையாகிறது. காலை இளவெயிலில் காட்டினால் காமாலை போய்விடும் என்று காத்திருக்கும் வீடுகளில் இந்த இரண்டு மாதம் கரைந்துபோவதுதான் துயரம்.

ரத்தம் கசியும் பச்சிளங்குழந்தையை முதன்முதலில் பார்க்கும் மருத்துவர் மனத்தில் எழும் கேள்வி, குழந்தை மற்றபடி நலமாக இருக்கிறதா, நோயுற்றுச் சோர்ந்திருக்கிறதா என்பதுதான். நோய்த்தொற்றாலோ மூச்சுத் திணறலாலோ வாடிய குழந்தைக்கு உடலெங்கும் நுண்கட்டிகள் உறைந்து காரணிகளும் தட்டணுக்களும் ஒருசேரத் தீர்ந்துபோயிருக்கும். நலமாகத் தோன்றும் குழந்தைக்கோ வைட்டமின் கே பற்றாக்குறை, ஹீமோஃபீலியா, தாயின் எதிர்ப்பொருள் தட்டணுக்களை அழிப்பது என்று வேறு திசையில் தேட வேண்டும். தட்டணுக்களும் ஃபைப்ரினோஜனும் சரியாக இருக்க, புரோத்ராம்பின் நேரம் எனப்படும் உறைவு நேரம் மட்டும் மிக நீண்டிருந்தால் வைட்டமின் கே பற்றாக்குறை ஏறக்குறைய உறுதி. ஊசி போட்ட சில மணி நேரத்தில் அந்த நேரம் குறைந்துவிட்டால் ஐயம் தீரும். 7ஆம் காரணியின் ஆயுள் ரத்தத்தில் சில மணி நேரமே என்பதால் முதலில் குறைவதும் அதுவே, சோதனையில் முதலில் பிடிபடுவதும் அதுவே. உயிருக்கு ஆபத்தான கசிவில் வைட்டமினின் பலனுக்காகக் காத்திருக்காமல் உறைநிலையில் சேமித்த பிளாஸ்மாவையும் உடனே ஏற்றுகிறார்கள்.

எல்லாச் சோதனைகளும் சரியாக இருந்தும் தொப்புளில் மட்டும் ரத்தம் விட்டுவிட்டு வரும் குழந்தையைப் பற்றித் தென்னிந்தியாவில் தனியே பேச வேண்டியிருக்கிறது. வலையாகப் பின்னிய ஃபைப்ரின் இழைகளைக் குறுக்கே முடிச்சிட்டு இறுக்குவது 13ஆம் காரணியின் வேலை. அது பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு ரத்தம் வழக்கம்போல உறையும், ஆனால் அந்த உறைவு நிலைக்காமல் பின்னர் கரைந்துவிடும். வழக்கமான உறைவுச் சோதனைகள் உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தையே அளப்பதால் இதைக் காட்டுவதில்லை. உறைந்த கட்டியை யூரியாக் கரைசலில் போட்டுக் கரைகிறதா என்று பார்க்கும் பழைய, மலிவான சோதனையே இதற்குத் திறவுகோல். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதே குறை சேர்ந்து வந்தால்தான் இந்நோய் வெளிப்படும் என்பதால், மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நீடிக்கும் சமூகங்களில் இது சற்று மிகுதியாகக் காணப்படுகிறது. இவர்களுக்கும் மூளையில் கசியும் ஆபத்து பெரிது. ஆயினும் அக்காரணி ரத்தத்தில் பல நாள் தங்குவதால் மாதம் ஒருமுறை ஏற்றினாலே காவல் கிடைக்கிறது. வைட்டமின் கே ஊசி இக்குழந்தைகளுக்கு உதவாது. ஊசி போட்டும் கசிகிறதே என்று மருந்தின்மேல் பழி போட்டுவிட்டு நிற்காமல் மேலும் தேட வேண்டும் என்பதற்காகவே இதை இங்கே சொல்ல நேர்ந்தது.

இந்தியாவில் மருத்துவ நிலையங்களில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் வைட்டமின் கே ஊசி போட வேண்டும் என்று நடுவண் அரசின் சுகாதார, குடும்பநல அமைச்சகம் 2014இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒரு கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைக்கு 1 மில்லிகிராம், அதற்குக் குறைந்த குழந்தைக்கு அரை மில்லிகிராம் என்று அளவு வகுக்கப்பட்டது. சுகப்பிரசவமானாலும் சிசேரியன் ஆனாலும் வேறுபாடு இல்லை. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் மருந்து இது என்பதால் அதை ஒளியிலிருந்து காத்து வைக்க வேண்டும். கழுத்தை ஒடித்து எடுக்கும் இளமஞ்சள் திரவம் அரை மில்லி, ஒரு மில்லி என்ற அளவிலேயே இருக்கும். குழந்தை தாயின் மார்போடு தோல் ஒட்டிக் கிடந்து முதற்பால் குடித்து அடங்கியபின், செவிலியர் அதன் முழங்காலை ஒரு கையால் மெதுவாகப் பற்றி, தொடையின் நடுப்பகுதியில் முன்னும் வெளியுமான சதையில் மெல்லிய ஊசியை நேராக இறக்கி, எடுத்தபின் பஞ்சால் தேய்க்காமல் அழுத்திப் பிடிக்கிறார். அழுகை ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. தசைக்குள் இறங்கிய மருந்து அங்கேயே சேமிப்பாகத் தங்கிச் சிறிது சிறிதாக விடுபட்டுப் பல வாரங்களுக்குக் காவல் நிற்பதாகக் கருதப்படுகிறது; ஒரே ஊசி மூன்றாம் வகைக் கசிவையும் தடுத்துவிடுவதற்கு அதுவே விளக்கம். ஹீமோஃபீலியா உள்ள குடும்பத்தில் பிறந்த ஆண் குழந்தைக்கு மட்டும் இந்த ஊசி தசையில் ரத்தம் கட்ட வைக்கக்கூடும் என்பதால் குடும்ப வரலாற்றை முன்கூட்டியே கேட்டு மாற்று வழி தேர்கிறார்கள்.

ஊசிக்குப் பதில் வாய்வழிச் சொட்டாகக் கொடுக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. சில ஐரோப்பிய நாடுகள் அவ்வழியிலும் சென்றிருக்கின்றன. சொட்டு மருந்து முதல் வாரக் கசிவை நன்றாகவே தடுக்கிறது. பிந்திய வகையைத் தடுக்க அதைத் திரும்பத் திரும்பப் பல வாரம் மறவாமல் கொடுக்க வேண்டும். நெதர்லாந்தில் நாள்தோறும் 25 மைக்ரோகிராம் கொடுத்துவந்த முறை, பித்தநாளம் அடைபட்ட, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளைக் காக்கவில்லை என்பது அங்குள்ள பதிவேட்டிலிருந்து வெளிப்பட்டதால், பின்னர் அளவை ஆறு மடங்காக உயர்த்தினார்கள். மூன்று ஊர்களுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் இடையில் வளரும் நம் குழந்தைகளுக்கு, ஒரே முறையில் முடிந்துவிடும் ஊசியே நம்பகமான வழி என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

ஊசியைப் பற்றிய பெரிய அச்சம் 1990களின் தொடக்கத்தில் எழுந்தது. தசையில் ஊசி பெற்ற குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று பிரிஸ்டலில் ஜீன் கோல்டிங்கும் உடன் பணியாற்றியோரும் 1992இல் வெளியிட்ட ஆய்வு இங்கிலாந்தை உலுக்கியது; பல மருத்துவமனைகள் ஊசியை விட்டுச் சொட்டுக்கு மாறின. அறிவியல் அந்த ஐயத்தைப் புறந்தள்ளாமல் எடுத்து ஆராய்ந்தது என்பதே இதில் மதிக்க வேண்டியது. அடுத்த ஆண்டே ஸ்வீடனில் 1973க்கும் 1989க்கும் இடையே பிறந்த 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தபோது அப்படியொரு தொடர்பு தென்படவில்லை; பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதை உறுதிசெய்யவில்லை. அச்சத்தால் ஊசியைத் தவிர்ப்பதன் விலையும் வெளிப்படையாகவே தெரிந்தது: அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 2013இல் எட்டே மாதத்துக்குள் நான்கு குழந்தைகள் பிந்திய வகைக் கசிவோடு மருத்துவமனைக்கு வந்தனர், நால்வரின் பெற்றோரும் பிறந்தபோது ஊசியை வேண்டாம் என்று சொல்லியிருந்தனர். வீட்டிலேயே இயற்கையாகப் பிரசவம் பார்ப்போம் என்ற பேச்சு தமிழ்நாட்டிலும் அவ்வப்போது எழுவதால் இச்செய்தி தொலைதூரத்துக்கு உரியதன்று.

கீரையில்தான் இந்தச் சத்து மிகுதி என்றால் தாய் முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் உண்டால் போதாதா என்று கேட்பவர் உண்டு. பச்சை உடம்புக்காரி என்று பத்தியம் வைத்துக் கீரையை விலக்கும் வீடுகளில் அவற்றை மீண்டும் தட்டில் சேர்ப்பது தாயின் நலத்துக்கு நல்லதுதான். ஆனால் வழக்கமான உணவால் தாய்ப்பாலில் வைட்டமின் கே குழந்தைக்குப் போதுமான அளவுக்கு உயர்வதில்லை; மாத்திரையாகப் பேரளவில் நாள்தோறும் உட்கொண்டால்தான் உயரும். அதைவிட, பிறந்த அன்றே குழந்தைக்கு நேராகக் கொடுத்துவிடுவது எளிது.

ஆக, பொத்தேரியைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தையின் காவல் ஊசி இறங்கிய நொடியில் தொடங்குகிறது. அதன் அடுத்த பாதி, வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் வைட்டமின் கே என்ற சொல்லும் வகையும் அளவும் நாளும் நேரமும் எழுதப்படுவதில் இருக்கிறது. பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி போல இது தடுப்பூசி அட்டவணையில் அமர்ந்த பெயராகப் பெற்றோர் மனத்தில் பதிந்ததன்று. கேட்டால் ‘பிறந்ததும் ஏதோ ஊசி போட்டார்கள்’ என்பதுதான் விடையாக வரும், அந்த ஏதோவுக்குள் எது அடங்கும் என்று தொலைவிலுள்ள மருத்துவரால் ஊகிக்க முடியாது. பிறந்த உடனே மூச்சுத்திணறலுக்காகத் தீவிரச் சிகிச்சைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகளும் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்ட குழந்தைகளுமே ஊசி விட்டுப்போக மிகுந்த வாய்ப்புள்ளவர்கள்: அனுப்பியவர் அங்கே போடுவார்கள் என்றும், ஏற்றவர் இங்கே வருமுன் போட்டிருப்பார்கள் என்றும் நினைத்துக்கொள்வது மனித இயல்பு.

விட்டுப்போனதைப் பிடிக்க நம் ஊரில் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. ஆறாம் வாரத்தில் போடப்படும் தடுப்பூசியைத் தாய்மார் ‘நாற்பத்தைந்தாம் நாள் ஊசி’ என்றே வழங்குகிறார்கள். தாய்வீடு எந்த ஊரில் இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரின் முன்னால் குழந்தை அன்று வந்துவிடுகிறது. பிந்திய கசிவின் காலத்துக்கு ஏறத்தாழ நடுவில் விழும் அந்த நாளில், தொடையில் ஊசி இறக்குமுன் பிறப்புக் காகிதத்தைப் பிரித்து வைட்டமின் கே வரியைத் தேடலாம்; கண்வெள்ளையில் இன்னும் மஞ்சள் தங்கியிருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கலாம்; இடுப்புத் துணி அழுக்காகியிருந்தால் அதை மடித்து ஒதுக்கிவிடாமல் பிரித்து, மலம் மஞ்சளா வெளிறலா என்று தாய்க்கும் பாட்டிக்கும் காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம்.